ஆட்டமில்லாத கை: துளையிடும் ரோபோவைக் குழுவாகக் கட்டுவது எப்படி

பொருளை எடுத்து வைக்கிற ரோபோ கைக்கும் துளை போடுகிற ரோபோ கைக்கும் பெயரில்தான் ஒற்றுமை. எடுத்து வைக்கிற கை அரைக் கிலோவையோ ஒரு கிலோவையோ தூக்கினால் போதும். துளை போடுகிற கையை, பிட் (உலோகத்தைக் குடையும் கம்பி) தகட்டைத் தொட்ட மறுநொடியே பத்துப் பதினைந்து கிலோ கீழிருந்து மேலே தள்ளும். அதனால்தான் சர்வோ மோட்டார் பூட்டிய கிட் கையின் நுனியில் ஒரு குட்டி டிரில்லைக் கட்டித் தொடங்குகிற மாணவர் திட்டங்கள் தெர்மோகோலில் அழகாகத் துளை போட்டுவிட்டு, அலுமினியத்தின் மேல் கோலம் போடுகின்றன.

தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாறுக்கு இருபுறமும் உள்ள பாலிடெக்னிக், பொறியியல் மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. கஞ்சிக்கோட்டில் கல்லூரி, கோவையில் லேத் பட்டறை, குழுவில் பாதிப் பேர் கொழிஞ்சாம்பாறை, மீதிப் பேர் மதுக்கரை என்று வைத்துக்கொள்வோம். இலக்கு: 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் 4 மி.மீ. துளை, இடப்பிசகு 0.3 மி.மீ.க்குள், கை எட்டும் தூரம் 400 மி.மீ. ஐந்து பேர், ஒரு செமஸ்டர். இரும்பு வேண்டாம். அதே 4 மி.மீ. பிட் இரும்பில் கேட்கும் அழுத்தம் அலுமினியத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும்.

முதலில் தராசு

வரைபடத்துக்கு முன்னால் ஒரே ஒரு சோதனை. ஆள் எடை பார்க்கும் டிஜிட்டல் தராசைப் பட்டறை டிரில்லிங் மெஷினின் மேடையில் வையுங்கள். அதன்மேல் ஒரு பலகை, பலகையோடு சேர்த்து சி-கிளாம்ப் போட்ட அலுமினியத் தகடு. கிளாம்ப் பலகையை மட்டும் பிடிக்க வேண்டும். மெஷின் மேடையையும் சேர்த்துப் பிடித்தால் தராசு பொய் சொல்லும். தகடு சுழலாமல் இருக்கப் பலகையின் பக்கவாட்டில் ஒரு தடுப்பு. இனி கைப்பிடியை ஒரே சீராக இறக்கி, தராசு காட்டுகிற உச்ச எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கிலோவை 9.81ஆல் பெருக்கினால் நியூட்டன்.

கூர்மையான 4 மி.மீ. எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் அலுமினியத்தில் சுமாராகப் பத்து முதல் பதினைந்து கிலோ காட்டும். அதே பிட்டை நாலைந்து முறை இரும்பில் போட்டு மழுங்கடித்துவிட்டு மறுபடி பாருங்கள். எண் எகிறும். பிறகு 2 மி.மீ. முன்துளை போட்டுவிட்டு 4 மி.மீ. விடுங்கள். எண் ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் பிட்டின் நடுவில் இருக்கிற உளி விளிம்பு வெட்டுவதில்லை, உலோகத்தைப் பிதுக்கித் தள்ளத்தான் செய்கிறது. மொத்த அழுத்தத்தில் பெரும்பங்கு அந்தச் சின்ன விளிம்புக்கே போகிறது. இந்த மூன்று எண்களையும் குழுவில் எல்லோரும் கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே 150 நியூட்டன் என்று எடுத்துக்கொண்டு மேலே போவோம்.

ரேடியல் டிரில்லைப் பாருங்கள்

ஆறு மூட்டுக் கை பார்க்க அழகு. ஆனால் துளை அழுத்தம் அதன் ஒவ்வொரு மூட்டு மோட்டாரையும் பின்னுக்கு முறுக்கும். அதற்கு ஈடுகொடுக்கும் கியர்பெட்டி மாணவர் பட்ஜெட்டில் வராது. விடை பட்டறை மூலையில் பல வருடமாக நிற்கிற ரேடியல் டிரில்லிங் மெஷினில் இருக்கிறது: கனமான தூண், பக்கவாட்டில் சுழலும் கை, செங்குத்தாக இறங்கும் பிட். ஸ்காரா என்று ரோபோக்காரர்கள் சொல்லும் அமைப்பு இதற்குப் பக்கத்து வீடு. தோளும் முழங்கையும் கிடைமட்டத்தில் மட்டும் சுழலும். துளை அழுத்தம் செங்குத்தாக வருவதால் அது பேரிங்குக்குத்தான் போகும், சுழற்றும் மோட்டாருக்கு வராது. மோட்டாருடைய வேலை இடம் பார்ப்பது, பளு தாங்குவது இரும்பின் வேலை. இந்தப் பிரிவினை புரிந்துவிட்டால் பாதி வடிவமைப்பு முடிந்தது.

தோளிலிருந்து முழங்கை வரை 225 மி.மீ., முழங்கையிலிருந்து பிட் வரை 175 மி.மீ. மேலும் கீழும் போகும் இசட் அச்சைக் கை நுனியில் வைக்காமல் தூணிலேயே வையுங்கள். முழுக் கையும் ஏறி இறங்கட்டும். 150 மி.மீ. ஓட்டம் போதும்.

கனம் இங்கே குறை அல்ல

ரோபோ என்றதும் எல்லோரும் எடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். இங்கே அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கையை ஒரு முனையில் பிடிக்கப்பட்ட உத்திரமாக எண்ணி வளைவைக் கணக்கிடுங்கள்: விசையை நீளத்தின் கனத்தால், அதாவது மும்மடிப் பெருக்கால், பெருக்கி, மூன்று மடங்கு மீள்குணகம் (பொருள் தரும் விறைப்பு) பெருக்கல் நிலைமத் திருப்பத்தால் (குழாயின் வடிவம் தரும் விறைப்பு) வகுக்க வேண்டும். 400 மி.மீ. நீளம், 150 நியூட்டன் விசை. 40×40×2 அலுமினியச் சதுரக் குழாய் நுனியில் 0.62 மி.மீ. மேலே வளையும். 50×50×3 அலுமினியம் 0.22 மி.மீ. அதே அளவு இரும்புக் குழாய் 0.07 மி.மீ. எடை வித்தியாசம் அலுமினியம் 0.6 கிலோ, இரும்பு 1.8 கிலோ. ஒன்றேகால் கிலோவுக்குக் கிடைக்கிற லாபம் மூன்று மடங்கு விறைப்பு.

“மேலே வளைந்தால் என்ன, துளை அதே இடத்தில்தானே?” என்று கேள்வி வரும். அதே இடத்தில் விழாது. கை நுனி மேலே எழும்பும்போது கூடவே கொஞ்சம் சாயும். 50×50×3 அலுமினியத்தில் சாய்வு 0.05 டிகிரிகூட இல்லை. ஆனால் பிட்டின் முனை குழாயின் மையக்கோட்டிலிருந்து 120 மி.மீ. கீழே இருக்கிறது. அங்கே அந்தச் சாய்வு 0.1 மி.மீ. நகர்வாகிவிடும், அதுவும் எப்போதும் தூணை விட்டு வெளிப்பக்கமாக. இரும்பில் இது 0.03 மி.மீ. இந்த “வெளிப்பக்கம்” என்பதை நினைவில் வையுங்கள், பிழை தேடும்போது திரும்ப வரும்.

கனத்தின் இரண்டாவது நன்மை திருகில் தெரியும். ஏறி இறங்கும் பகுதியின் மொத்த எடை 20 கிலோவுக்குப் பக்கம் இருந்தால் கீழ்நோக்கி 196 நியூட்டன் எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். துளை அழுத்தம் 150தான். ஆகவே திருகின் நட் எந்த நேரமும் ஒரே பக்க மரையில் உட்கார்ந்திருக்கும். எடை குறைந்த கையில் என்ன ஆகும்? பிட் தகட்டைத் தொட்டதும் கை நட்டின் இடைவெளி அளவுக்கு மேலே துள்ளும். தகட்டைத் துளைத்து வெளியேறும் நொடியில் அதே அளவு கீழே விழும். பிட் உலோகத்தைக் கவ்வி ‘டப்’பென்று உடையும். கணக்குக்கு 20 கிலோ வரவில்லையா? ஏறி இறங்கும் தட்டின் பின்னால் வார்ப்பிரும்புக் கட்டி ஒன்றைப் போல்ட் போட்டு மாட்டுங்கள். கோவைக்காரர்களுக்கு வார்ப்பிரும்புக்குப் பஞ்சமில்லை.

திருகுக்கு பால் ஸ்க்ரூ (நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு) வேண்டாம். மின்சாரம் போனால் 20 கிலோவும் சறுக்கி இறங்கும், பிறகு பிரேக் மோட்டார் தேடி அலைய வேண்டும். 16 மி.மீ. விட்டம், 4 மி.மீ. மரை, ஒற்றைத் தொடக்கச் சரிவக மரைத் திருகும், லேத்தில் கடைந்த கன்மெட்டல் (வெண்கல வகை) நட்டும் போதும். தானே பூட்டிக்கொள்ளும். 20 கிலோவைத் தூக்க 0.35 நியூட்டன் மீட்டருக்குள் முறுக்கு, 1.9 நியூட்டன் மீட்டர் நீமா 23 அளவு ஸ்டெப்பர் (அடியடியாகச் சுழலும்) மோட்டாருக்கு அது விளையாட்டு. முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு விற்கிற 8 மி.மீ. திருகுகளில் பல, ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகரும் நான்கு தொடக்க வகை. அவை பூட்டும் என்று நம்பக் கூடாது.

வழிகாட்டிக்கு 15 மி.மீ. லீனியர் ரெயில் இரண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு பிளாக் (ரெயில்மேல் ஓடும் கட்டை). ஒரே ரெயிலில் உள்ள பிளாக்குகளுக்கு இடையே 150 மி.மீ.யாவது செங்குத்து இடைவெளி விடுங்கள். தூண் 100×100×6 இரும்புக் குழாய், அடியில் 16 மி.மீ. தகடு.

மூட்டு: ஆட்டம் பிறக்கும் இடம்

ஆட்டம் என்ற சொல் எல்லைக்கு இப்பாலும் அப்பாலும் ஒன்றுதான். மலையாளம் பேசும் ஃபிட்டரிடமும் பேரிங்கில் ஆட்டம் என்றால் உடனே புரியும். 60 மி.மீ. இடைவெளியில் இரண்டு சாதாரண பால் பேரிங் போட்டு, மொத்தம் 0.02 மி.மீ. ஆட்டம் இருந்தால் 400 மி.மீ. தள்ளி அது 0.13 மி.மீ. ஆகிவிடும். இரும்புக் குழாய் வாங்கி மிச்சம் பிடித்ததெல்லாம் இங்கே போய்விடும்.

ஆகவே தோளில் 30205 டேப்பர் ரோலர் (கூம்பு உருளை) பேரிங் ஜோடி, 80 மி.மீ. இடைவெளியில், உருளைகளின் சிறிய முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி. டெம்போவின் முன்சக்கர ஹப்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்த அமைப்புதான். லாக்நட்டை இறுக்கி, கையால் சுழற்றும்போது லேசான பிடிப்பு தெரிகிற வரை கொண்டுபோங்கள். சுழற்சி கரகரவென்று தட்டினால் அதிகம் இறுக்கிவிட்டீர்கள், அல்லது ரேஸில் (உருளைகள் ஓடும் வளையத்தில்) குழி இருக்கிறது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஹப்பும் தண்டும் ஜோடியாகவே கிடைத்தால் வாங்கலாம். பேரிங்கை மட்டும் புதிதாகப் போடுங்கள். முழங்கைக்கும் இதே வகை, இடைவெளி 60 மி.மீ. போதும்.

வெல்டிங் முடிந்த பிறகே பேரிங் துளைகளை போரிங் செய்ய (சரியான அளவுக்குக் குடைய) வேண்டும். முதலில் போரிங் செய்துவிட்டு அப்புறம் பற்றவைத்தால் சூட்டில் குழாய் முறுக்கிக்கொண்டு இரண்டு துளையின் மையமும் விலகும். ஒரு கையின் இரு முனைத் துளைகளையும் மில்லிங் மெஷினில் ஒரே முறை கட்டி, கழற்றாமல் போரிங் போடச் சொல்லுங்கள். 225, 175 என்ற எண்கள் அப்போதுதான் நம்பத்தக்கவை.

சுழற்றுவதற்கு நீமா 23 மோட்டார், 15 மி.மீ. அகல 5எம் டைமிங் பெல்ட், 18 பல்லிலிருந்து 72 பல், இரண்டு கட்டம். மொத்தம் 16 மடங்கு குறைப்பு. மோட்டார் நகரும் ஒரு அடியை (ஸ்டெப்) எட்டாகப் பிரித்தால் சுற்றுக்கு 1,600 துடிப்பு, அப்படியானால் மூட்டில் ஒரு டிகிரிக்கு 71.11 துடிப்பு. முழு நீட்டத்தில் ஒரு துடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ. இதற்கு மேல் நுணுக்கம் வேண்டுமென்று அடியை 32ஆகப் பிரிப்பதில் பயனில்லை. எட்டில் ஒரு பங்கு அடி நகர்ந்து நிற்கும் மோட்டார், தன் முழுப் பிடிப்பு முறுக்கில் ஐந்தில் ஒரு பங்கோடுதான் எதிர்க்கிறது. இன்னும் சிறிதாக்கினால் எண் மட்டும் அழகாகும்.

மோட்டார் பிராக்கெட்டைப் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் அச்சடிக்காதீர்கள். அது 60 டிகிரி பக்கம் இளகத் தொடங்கும். ஸ்டெப்பர் மோட்டாரின் உடல் 70 தாண்டுவது சகஜம், அதிலும் ஏப்ரல் மாதத்துக் கஞ்சிக்கோட்டுத் தகரக் கொட்டகையில் கேட்கவே வேண்டாம். பெல்ட் தளரும், காரணம் புரியாமல் புரோகிராமைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள். 6 மி.மீ. இரும்புத் தகட்டை வெட்டிப் போடுங்கள்.

ஸ்பிண்டில்

ஸ்பிண்டில் என்பது பிட்டைப் பிடித்துச் சுழற்றும் தண்டு. 775 என்ற சின்ன டி.சி. மோட்டாரின் தண்டில் நேரே சக் (பிட்டைக் கவ்வும் வாய்) மாட்டுவது எல்லோரும் செய்கிற தவறு. அதன் முன்பேரிங் அச்சு வாக்கு அழுத்தத்துக்கு ஏற்றதல்ல. சில பத்துத் துளைகளிலேயே தண்டு பின்னே நகர்ந்து உரசத் தொடங்கும். தனியாக 15 மி.மீ. தண்டு, 7202 ஆங்குலர் காண்டாக்ட் பேரிங் இரண்டு, முனையில் ஈ.ஆர்.11 காலட் (பிட்டைச் சுற்றிக் கவ்வும் பிளவுக் குழல்) போடுங்கள். காலட் 7 மி.மீ. வரை பிடிக்கும். சாவி போட்டு இறுக்கும் மலிவான ‘சக்’கைவிட நேராகச் சுழலும். தண்டை ஓட்ட, சைக்கிளுக்கு மாட்டுகிற 24 வோல்ட் 250 வாட் மோட்டார். அது சுமார் 2,700 சுற்று. 20க்கு 18 பல் கப்பி போட்டால் ஸ்பிண்டில் 3,000 சுற்று வரும். 4 மி.மீ. துளைக்கு 100 வாட்டுக்குள்தான் செலவாகும், மீதி கையிருப்பு.

பிட்டில் குட்டை வகையை வாங்குங்கள். வழக்கமான 4 மி.மீ. பிட் 75 மி.மீ. நீளம், குட்டை 55. நுனியில் 135 டிகிரியில் பிளந்து சாணை பிடித்த முனை இருந்தால் உளி விளிம்பின் தொல்லை குறையும், தகட்டின் மேல் நடக்காது.

மின்சாரம்

மூன்று மோட்டாருக்கும் 542 வகை டிஜிட்டல் டிரைவர், 36 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (மின்சப்ளைப் பெட்டி). ஆர்டுயினோ ஊனோ கட்டுப்பாட்டுப் பலகையில் மோட்டார்களை ஓட்டும் ஜி.ஆர்.பி.எல். மென்பொருள். ஆர்டுயினோ மேல் உட்காரும் ஷீல்டு பலகையில் செருகுகிற சின்ன டிரைவர்கள் நீமா 23க்குப் போதாது.

அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புக் காளான் சுவிட்சை ஆர்டுயினோவுக்குள் கொண்டுபோகாதீர்கள். அது கான்டாக்டரின் (பெரிய ரிலேயின்) காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அறுக்க வேண்டும், கான்டாக்டர் எஸ்.எம்.பி.எஸ்., ஸ்பிண்டில் இரண்டின் மின்சாரத்தையும் அறுக்க வேண்டும். மென்பொருள் தொங்கிப்போன நேரத்தில்தான் அந்தச் சுவிட்ச் தேவைப்படும். திருகு தானே பூட்டிக்கொள்வதால் மின்சாரம் போனாலும் கை விழாது.

வயரிங்கில் நேரத்தைத் தின்னுகிற கோளாறு ஒன்று உண்டு. எல்லாம் சரியாக ஓடும். ஸ்பிண்டிலை ஓடவிட்டதும் “அலாரம் 1” என்று நின்றுவிடும். லிமிட் சுவிட்சை (ஓட்டத்தின் எல்லையை உணரும் சுவிட்ச்) யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். பிரஷ் மோட்டாரின் இரைச்சல் லிமிட் வயரில் ஏறிவிட்டது. லிமிட் வயர்களை உலோக உறை (ஷீல்டு) போட்ட கேபிளில், மோட்டார் வயரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுபோங்கள். ஷீல்டைக் கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். ஒவ்வொரு லிமிட் முனையிலும் தரைக்கு 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி. மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே இன்னொன்று. இத்தனைக்கும் அடங்காவிட்டால் ஆப்டோகப்ளர் (சமிக்ஞையை ஒளி வழியே கடத்தும் சில்லு).

ஜி.ஆர்.பி.எல். அமைப்பில் தவறாமல் போட வேண்டியவை: $1=255 (இல்லையென்றால் நின்ற இடத்தில் மோட்டார் பிடியை விட்டுவிடும், துளையின் நடுவில் கை நழுவும்), $100=71.111, $101=71.111 (டிகிரிக்கு எத்தனை துடிப்பு), $102=400 (இசட் அச்சில் மி.மீ.க்கு எத்தனை துடிப்பு), $22=1 (ஹோமிங், அதாவது தொடக்கப் புள்ளியைத் தேடிப் போவது). தோள், முழங்கை வேகம் $110=1800, $111=1800, முடுக்கம் $120=100, $121=100. கனமான கை, மெதுவாக ஓடட்டும். துளை போடுகிறவனுக்கு அவசரம் இல்லை.

கோணக் கணக்கு

ஜி.ஆர்.பி.எல்.லுக்கு ஸ்காரா தெரியாது. நல்லவேளையாக அதற்குத் தெரிய வேண்டிய தேவையும் நமக்கு இல்லை. துளைக்குப் புள்ளிதான் முக்கியம், ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றுக்குக் கை எந்த வளைவில் போனாலும் கவலையில்லை, பிட் மேலே தூக்கியிருந்தால் போதும். ஆகவே கோணங்களைக் கணினியில் பைத்தானில் கணக்கிட்டு, எக்ஸ் என்ற பெயரில் தோள் டிகிரியையும், ஒய் என்ற பெயரில் முழங்கை டிகிரியையும் அனுப்புங்கள். மென்பொருள் மி.மீ. என்று நினைத்துக்கொள்ளும், நாம் டிகிரி என்று வைத்துக்கொள்வோம்.

தோளை மையமாக வைத்து, மி.மீ. கணக்கில் புள்ளி (250, 150) என்று எடுங்கள். தூரத்தின் வர்க்கம் 85,000. இரு கைகளின் வர்க்கக் கூடுதல் 50,625 + 30,625 = 81,250. இரண்டையும் கழித்து, கைகளின் பெருக்கலின் இருமடங்கான 78,750ஆல் வகுத்தால் 0.0476. அந்தக் கொசைனுக்குரிய கோணம் 87.27 டிகிரி, அது முழங்கை. தோளுக்கு: புள்ளியின் திசை 30.96 டிகிரி, அதிலிருந்து கழிக்க வேண்டியது 36.84, விடை மைனஸ் 5.87 டிகிரி. உங்கள் புரோகிராம் இதே எண்களைத் தருகிறதா என்று முதலில் பாருங்கள். தராவிட்டால் ரேடியனும் டிகிரியும் குழம்பியிருக்கும், பத்துக்கு ஒன்பது முறை அதுதான்.

முழங்கை மோட்டார் முதல் கையின் மேலேயே உட்கார்ந்திருந்தால் இந்தக் கோணங்கள் அப்படியே செல்லும். எடையைத் தோள் பக்கம் இழுக்கிறேன் என்று அதைத் தூண் தட்டில் வைத்து, தோள் அச்சின் வழியே பெல்ட்டைக் கொண்டுவந்தால், தோள் சுழலும்போது முழங்கையும் சேர்ந்து திரும்பும். அப்போது அனுப்ப வேண்டியது இரு கோணங்களின் கூட்டல்.

ஜி.ஆர்.பி.எல்.லில் ஜி81, ஜி83 போன்ற துளைச் சுற்றுகளும் கிடையாது. இறங்கு, 2 மி.மீ. வெட்டு, மேலே வந்து சுருளை உதறு, மறுபடி இறங்கு என்பதைப் பைத்தானே ஒவ்வொரு வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

யார் எதைச் செய்வது

ஐந்து பேரில் மூவர் புரோகிராம் பக்கம் ஓடிவிடுவார்கள். தடுத்து நிறுத்துங்கள். இது நான்கில் மூன்று பங்கு இரும்பு வேலை. இருவர் வடிவமைப்பும் பட்டறையும், ஒருவர் மின்சாரம், ஒருவர் மென்பொருள், ஒருவர் அளவெடுப்பும் கணக்கு வழக்கும். ஐந்தாமவரை எடுபிடியாக நினைக்க வேண்டாம். டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) அவர் கையில் இருக்கும், “தேறவில்லை” என்று சொல்கிற உரிமையும் அவருக்குத்தான்.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரே ஒரு தாள் தயாராக வேண்டும்: மோட்டார் தட்டின் துளை இடைவெளி, தோள் தண்டின் உயரம், ஸ்பிண்டில் பிராக்கெட்டின் போல்ட் வட்டம், கேபிள் வெளிவரும் பக்கம் என, ஒருவர் வேலை இன்னொருவர் வேலையைத் தொடும் இடங்கள் மட்டும். நாலாவது வாரத்துக்குப் பிறகு அந்தத் தாளை ஐந்து பேரும் கையெழுத்திட்டால்தான் மாற்றலாம். மின்சாரக்காரர் இரும்பு வரும் வரை காத்திருக்க வேண்டாம், மூன்று மோட்டாரையும் ஒரு பிளைவுட்டில் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கட்டும். பட்டறை வேலை எட்டாம் வாரத்துக்குள், பொருத்துதல் பத்துக்குள். கடைசி இரண்டு வாரத்தைத் திட்டத்தில் காலியாக விடுங்கள். ஓணமோ பொங்கலோ தீபாவளியோ ஏதாவது ஒரு பக்கம் பட்டறை மூடியிருக்கும், அல்லது அந்தப் பக்கம் ஹர்த்தால் வரும்.

பட்டறைக்கு வாயால் அளவு சொல்லாதீர்கள். பழைய ஃபிட்டர்கள் பலருக்கு ‘நூல்’ கணக்குத்தான் நாக்கில் வரும். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. “மூணு நூல் தகடு” 9.5 மி.மீ., நீங்கள் நினைத்தது 10 ஆக இருக்கலாம். தாளில் மி.மீ. எழுதி, பேரிங் துளைக்கு மட்டும் பேரிங்கையே கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். கல்லூரியில் பணம் திரும்ப வாங்க ஜி.எஸ்.டி. பில் வேண்டும். எல்லை தாண்டும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில்லும் வேண்டும், எனவே ரெயில், மோட்டார், குழாயை ஒரே பில்லில் அடக்கப் பார்க்காதீர்கள்.

அளவு திருத்தம்

முதலில் மின்சாரத்தைப் போட்டு மோட்டார்கள் பிடித்திருக்கும்போது, ஸ்பிரிங் தராசால் கை நுனியைப் பக்கவாட்டில் 2 கிலோ இழுத்து, டயல் கேஜில் நகர்வைப் பாருங்கள். விட்டதும் 0.1 மி.மீ.க்குள் திரும்ப வேண்டும். திரும்பாத அளவுதான் ஆட்டம். பெல்ட், கப்பியின் கிரப் ஸ்க்ரூ (கப்பியைத் தண்டோடு பிடிக்கும் தலையில்லாத் திருகு), லாக்நட் என்ற வரிசையில் தேடுங்கள். கிரப் ஸ்க்ரூ முக்கால்வாசி நேரம் குற்றவாளி. தண்டில் தட்டையாகச் சீவி, அதன்மேல் இறுக்குங்கள்.

பிறகு பத்து முறை ஹோமிங் செய்து, ஒவ்வொரு முறையும் அதே புள்ளிக்குப் போய் டயல் கேஜைப் படியுங்கள். மைக்ரோசுவிட்சில் எண்கள் சிதறினால் இன்டக்டிவ் சென்சாருக்கு மாறுங்கள்.

ஸ்காராவுக்கே உரிய ஒரு வித்தை உண்டு. ஒரே புள்ளியை முழங்கையை இடப்பக்கம் மடக்கியும் எட்டலாம், வலப்பக்கம் மடக்கியும் எட்டலாம். எம்.டி.எஃப். (மரநார் அழுத்திய) பலகையில் (250, 150) புள்ளியை இரண்டு விதமாகவும் 2 மி.மீ. பிட்டால் குத்துங்கள். முழங்கையின் பூஜ்ஜியம் சரியாக இருந்தால் இரண்டும் ஒரே துளை. இல்லையென்றால் ஒன்று தூணுக்கு அருகிலும் மற்றது தள்ளியும் விழும். இந்தப் புள்ளி அருகே ஒரு மி.மீ. ஆர வித்தியாசத்துக்குச் சுமார் 0.2 டிகிரி பூஜ்ஜியப் பிசகு. அதைத் திருத்தி மறுபடி குத்துங்கள். மூன்றாவது முறைக்குள் இரண்டும் ஒன்றாகிவிடும். இதை முடிக்காமல் கை நீளங்களைத் திருத்தப் போனால் ஒரு பிழையை இன்னொன்றால் மூடுவீர்கள்.

அலுமினியத்தில் இறங்கும்போது

3,000 சுற்று, சுற்றுக்கு 0.06 மி.மீ., ஆக நிமிடத்துக்கு 180 மி.மீ. ஊட்டம் (பிட் உலோகத்துக்குள் இறங்கும் வேகம்). பயந்து 40, 50 என்று குறைக்காதீர்கள். பிட் வெட்டாமல் உரசும், கீச்சிடும், சூடேறி அலுமினியம் வெட்டு விளிம்பில் அப்பிக்கொள்ளும். ஒவ்வொரு 2 மி.மீ.க்கும் மேலே தூக்குங்கள். ஒரு துளைக்கு ஒரு சொட்டு மண்ணெண்ணெய். முதலில் சென்டர் டிரில்லால் (குட்டையான தொடக்க பிட்) எல்லாப் புள்ளியிலும் அரை மி.மீ. பள்ளம், பிறகு பிட் மாற்றி மொத்தமாக 4 மி.மீ. தகட்டுக்கு அடியில் எம்.டி.எஃப். பலகை கட்டாயம், வெளியேறும்போது பிட் கவ்வாமலும் அடிப்பக்கம் பிசிறு குறைந்தும் இருக்க. கடைசி ஒரு மி.மீ.க்கு ஊட்டத்தைப் பாதியாக்குங்கள்.

கண்ணாடி போட வேண்டும், கையுறை போடக் கூடாது. சுழலும் பிட் துணியைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். தகட்டை நான்கு மூலையிலும் கிளாம்ப் போடுங்கள். கையால் பிடிக்கிற தகடு சுழலும் கத்தியாகிவிடும். சுருளைத் தூரிகையால் தள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

துளைகள் தப்பாக விழுந்தால் புரோகிராமைத் திறப்பதற்கு முன் தகட்டைப் படியுங்கள். எல்லாத் துளையும் தூணை விட்டு வெளிப்பக்கமாக விலகியிருந்தால் கை வளைகிறது, அல்லது டேப்பர் பேரிங் தளர்ந்திருக்கிறது. பிட் மழுங்கி அழுத்தம் ஏறியிருந்தாலும் இதே அடையாளம்தான். விலகல் சுழலும் திசையில், அதுவும் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் ஒரு மாதிரி, மறுபக்கத்திலிருந்து வந்தால் வேறு மாதிரி என்றால் பெல்ட் ஆட்டம். எல்லாப் புள்ளியையும் ஒரே பக்கத்திலிருந்து அணுகும்படி புரோகிராமில் 2 டிகிரி கூடுதல் ஓட்டம் சேர்த்தால் தற்காலிகமாக மறையும். வரிசை போகப் போக விலகல் கூடிக்கொண்டே போனால் மோட்டார் அடி தவறுகிறது, முடுக்கத்தைக் குறையுங்கள். துளை வாய் மட்டும் முட்டை வடிவில் இருந்தால் சென்டர் டிரில் போடாமல் விட்டிருக்கிறீர்கள். மதியத்தில் மட்டும் பிசகினால் வெயில்: 25 டிகிரிக்கும் 40க்கும் இடையில் 400 மி.மீ. இரும்புக் கை 0.07 மி.மீ. நீளும், அடியில் கிடக்கிற அலுமினியத் தகடு 0.14. ஹோமிங்கும் துளையும் ஒரே வேளையில் முடியட்டும்.

திட்டம் முடிந்து ஜூனில் அறையைப் பூட்டிப் போவதானால், ரெயிலிலும் திருகிலும் கெட்டியாக கிரீஸ் பூசி, மேலே எண்ணெய்த் தாள் சுற்றுங்கள். பாலக்காட்டுக் கணவாயில் மழைக்காற்று உள்ளே வந்துவிட்டால் துடைத்த ரெயிலில் இரண்டே வாரத்தில் செம்புள்ளி வந்துவிடும். எம்.டி.எஃப். பலகையைக் கழற்றி உலர்ந்த அலமாரியில் வையுங்கள். ஊறிப் புடைத்த பலகையின் மேல் அடுத்த வருடம் போடும் தகடு மட்டமாக உட்காராது.